இருவழித் தேடல்

விரிதாளில் ஓர் அட்டவணையின் இடப்பக்கப் பெயரையும் மேல்வரித் தலைப்பையும் கொடுத்து, அவை சந்திக்கும் கட்டத்தின் மதிப்பைப் பெறுவது இருவழித் தேடல். மடக்கை அட்டவணையில் முதல் இரண்டு இலக்கங்களை இடப்பக்கத்திலும் மூன்றாவதை மேலேயும் பார்த்து விரலை நகர்த்தும் மேல்நிலைப் பள்ளி மாணவர் கையால் செய்வதும் இதுவே.

1979இல் வெளிவந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளிலேயே தேடலுக்கென ஒரு சார்பு இருந்தது. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 வழியாகப் பரவிய வீலுக்கப் என்ற சார்பு இன்றும் அலுவலகங்களில் பெருவழக்கு. ஆனால் அது பாதி வேலையையே பெயரால் செய்கிறது. ஒரு மதிப்பெண் பட்டியலில் மாணவர் பெயரைத் தானே தேடிக்கொள்ளும். பாடத்தை மட்டும் எத்தனையாவது நெடுவரிசை என்று நாம் எண்ணிச் சொல்ல வேண்டும். வேதியியல் ஐந்தாவது என்று 5 எழுதிவைத்த பின் பெயருக்கு அடுத்து ‘பிரிவு’ என ஒரு நெடுவரிசையைச் செருகினால், அந்த 5 மாறாது. அதற்கு முந்தைய நெடுவரிசையில் இருந்த இயற்பியல் மதிப்பெண் வந்து நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதன் ஆபத்து.

இண்டெக்ஸ், மேட்ச் என்ற இரண்டு சார்புகளையும் சேர்த்து எழுதினால் இந்த எண்ணும் வேலை இல்லை. தலைப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை மேட்ச் சொல்லும். அந்த இடத்திலுள்ள மதிப்பை இண்டெக்ஸ் எடுத்துத் தரும். 40 மாணவர், 6 பாடம் கொண்ட பட்டியலுக்கு:

=இண்டெக்ஸ்(பி2:ஜி41, மேட்ச்("கௌரி", ஏ2:ஏ41, 0), மேட்ச்("வேதியியல்", பி1:ஜி1, 0))

கடைசியில் வரும் 0, ‘அச்சொட்டாக இதே பெயர்’ என்று பொருள்படும். அதை விட்டுவிட்டால் எக்செல் 1 என எடுத்துக்கொண்டு, பட்டியல் ஏறுவரிசையில் இருப்பதாக நம்பித் தேடும். வரிசைப்படுத்தாத பட்டியலில் வேறொருவரின் மதிப்பெண்ணைக் கொடுத்துவிடலாம். எடைவாரியான அஞ்சல் கட்டணத்துக்கோ அந்த 1 தான் தேவை. 0, 51, 201, 501 கிராம் எனத் தொடக்க எடைகளை எழுதிவைத்தால், 350 கிராம் பொதி 201இன் வரிசையில் சரியாகப் போய் அமரும்.

2019இல் அறிவிக்கப்பட்ட எக்ஸ்லுக்கப், எதுவும் சொல்லாவிட்டால் அச்சொட்டான பொருத்தத்தையே தேடும். ஒன்றுக்குள் ஒன்றாக எழுதினால் உள்ளிருப்பது பாடத்தின் நெடுவரிசையை முழுதாகத் தர, வெளியிலிருப்பது அதில் மாணவரைக் கண்டுபிடிக்கும். புதிதாகத் தொடங்குபவர் இதையே பழகலாம். பழைய பதிப்புகளிலும் கோப்பு திறக்க வேண்டுமானால் இண்டெக்ஸ்–மேட்ச் நல்லது.

தமிழ்ப் பெயர்களுக்கும் தலைப்புகளுக்கும் இன்னும் ஒரு கவனம் வேண்டும். ‘கௌரி’ என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து ‘கெளரி’ என்று தட்டச்சிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு இவை வேறு சொற்கள். ‘ஸ்ரீ’யையும் இரு வேறு குறியீடுகளால் எழுத முடியும், பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. பெயருக்குப் பின் தங்கிவிட்ட ஓர் இடைவெளியும் பொருத்தத்தைக் கெடுக்கும். இடைவெளியை ட்ரிம் சார்பு நீக்கிவிடும், எழுத்து வேறுபாட்டை ஆள்தான் பார்த்துத் திருத்த வேண்டும்.

ஒரே வகுப்பில் இரண்டு கௌரி இருந்தால் மேட்ச் முதலாமவரோடு நின்றுவிடும். அங்கே பெயரை விட்டு வரிசை எண்ணால் தேட வேண்டும். அந்த எண் ஓரிடத்தில் எண்ணாகவும் மற்றோரிடத்தில் உரையாகவும் பதிவாகியிருந்தால், 117ஐத் தேடி 117 கிடைக்காது.