மார்கழியில் ஒரு தூண்டில் கடை



நம்ம ஊரைப் பற்றி வரலாற்றுக் கட்டுரை என்றாலே எல்லாரும் கோட்டையில்தான் போய் நிற்போம். 1809 பிப்ரவரி 10-ஆம் நாள் கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் கும்பினிப் படை ஆரல்வாய்மொழி அரண்களைப் பிடித்தது, வேலுத்தம்பி தளவாயின் எதிர்ப்பு தளர்ந்தது என்று எழுதி முடித்துவிடுவோம். ஊர்ப் பெயருக்கும் மதிலைத்தான் காரணம் காட்டுவார்கள். ஆரை என்றால் மதில் என்று அகராதியும் சொல்கிறது. சரிதான். ஆனால் ஆரல் என்று ஒரு மீனும் உண்டே! சேற்றில் புதைந்து கிடக்கும், நீளமான, ருசியான மீன். மதிலைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இந்த மலரில் நான் மீன் பக்கம் போகிறேன். அதுவும் தூண்டில் போடாத காலத்தைப் பற்றிய கதை.

அது என்ன தூண்டில் போடாத காலம்? நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. முப்பந்தலில் காத்தாடி சுற்றுவதை வெளியூர்க்காரர்கள் ஆனி, ஆடியில் வந்து வாய் பிளந்து பார்க்கிறார்கள். அந்தக் காத்தாடி ஆடியில் நிற்காமல் சுற்ற வேண்டுமானால், காற்று ஓய்ந்த மாதங்களில் ஒருவன் கோபுரத்துக்குள் ஏறி எண்ணெய் மாற்றியிருக்க வேண்டும், போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்திருக்க வேண்டும், இறக்கையில் விரிசல் உண்டா என்று தடவிப் பார்த்திருக்க வேண்டும். அதை யாரும் வந்து பார்ப்பதில்லை. தொழில் நடக்கிற காலம் வேறு, தொழில் உருவாகிற காலம் வேறு. காற்றாலையில் வேலை பார்க்கிற எனக்கு இது தினசரிப் பாடம். உலகத்தின் மலையூர்த் தூண்டில் கடைகளும் இதே பாடத்தைத்தான் படித்திருக்கின்றன. அந்தக் கதையில் நம் மலைக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

பொய் ஈ

குளத்தங்கரையில் நாம் மண்புழு கோத்து, தக்கை கட்டி, தங்கூசியை விட்டெறிந்து காத்திருந்தோமே, அந்தத் தூண்டில் அல்ல இது. குளிர்ந்த மலையோடைகளில் வாழும் டிரவுட் மீன் நீர்மேல் வந்து விழும் பூச்சிகளைத் தின்னும். ஆகவே சிறு கொக்கியின்மேல் பட்டுநூலால் இறகும் ரோமமும் சுற்றி, ஈயைப் போலவே ஒரு பொய் ஈயைச் செய்து, அதை நீரின்மேல் பூப்போல விழவைப்பது மேல்நாட்டார் முறை. ஒரு ஈ அரிசிமணி அளவுகூட இருக்கும். ஒவ்வொன்றும் கையால் கட்டுவது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைகள் இந்தக் கலைக்குப் பேர்போனவை. ஏப்ரல் பிறந்தால் தூண்டில்காரர்கள் நகரத்திலிருந்து வந்து குவிவார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் ஓடை உறைந்து கிடக்கும், பாதையெல்லாம் பனி. 1930-களிலிருந்து அங்கே ரோஸ்கோ ஊரில் வால்ட், வின்னி டெட் தம்பதியரும், அருகே லிவிங்ஸ்டன் மேனரில் ஹாரி, எல்சி டார்பி தம்பதியரும் வீட்டிலேயே கடை வைத்திருந்தார்கள். குளிர்காலம் முழுக்க மேசைமுன் உட்கார்ந்து ஈ கட்டுவதுதான் வேலை. தகுந்த சாம்பல் நிற இறகு சந்தையில் கிடைக்கவில்லை என்று டார்பி தாமே சேவல் வளர்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இவர்களுக்கெல்லாம் முன்னோடி தியோடர் கார்டன். 1890 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஹால்ஃபோர்டு என்ற நிபுணர் தாம் கட்டிய ஈக்களில் ஒரு தொகுதியைத் தபாலில் அவருக்கு அனுப்பினார். அமெரிக்க ஓடையில் பறக்கும் பூச்சி வேறு, இங்கிலாந்துப் பூச்சி வேறு என்று கண்ட கார்டன், தம் ஊர்ப் பூச்சிக்கு ஏற்றபடி புதிதாகக் கட்டத் தொடங்கினார். அமெரிக்க ஈக்கலையின் ஒரு பெரிய திருப்பம் ஒரு குளிர்காலத் தபாலில் வந்தது.

ஸ்காட்லாந்தில் மேகன் பாய்டு என்று ஒரு அம்மாள். 1915-இல் பிறந்து 2001-இல் மறைந்தவர். பிரோரா ஊருக்கு அருகே, மின்சாரம் இல்லாத ஒரு குடிசையில் பல பத்தாண்டுகள் சால்மன் மீனுக்கான ஈக்களைக் கட்டினார். இளவரசர் சார்லஸ் அவருடைய வாடிக்கையாளர். 1971-இல் அரசுப் பதக்கம் கொடுத்தபோது, நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லி விழாவுக்குப் போகவில்லை! இன்னொரு வேடிக்கை, இவர் தூண்டில் போட்டு மீன் பிடிப்பவரே அல்ல.

நம் மலையின் இறகு

இப்போது நம் பங்குக்கு வருவோம். சால்மன் ஈக்களில் மிகப் புகழ்பெற்றது ‘ஜாக் ஸ்காட்’. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவானது. அதன் இருபுறமும் கண்போல மின்னும் ஒரு சின்ன இறகு வேண்டும். அந்த இறகு எங்கிருந்து போயிற்று தெரியுமா? நம் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திலிருந்து!

தீபகற்ப இந்தியாவுக்கு மட்டுமே உரிய பறவை இது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக, நம் மாவட்டத்துக் காடுகள் வரைக்கும் உண்டு. சொனரா என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரை அறிவியல் பெயரில் சுமக்கிறது. சேவலின் கழுத்து இறகு ஒவ்வொன்றின் நுனியிலும் அரக்கு உருக்கித் துளி வைத்தாற்போல மஞ்சள் வெள்ளையில் ஒரு பொட்டு இருக்கும். நனைந்தாலும் பளபளப்பு போகாது. செயற்கையாக இதைப் போலச் செய்து பார்த்தவர்கள் உண்டு. அசலுக்கு ஈடாகவில்லை என்பார்கள் கட்டுபவர்கள்.

இதிலும் ஒரு பருவக் கணக்கு இருக்கிறது. கோடை கழிந்து மழைமாதங்களில் சேவல் இந்த அழகுக் கழுத்தை உதிர்த்துவிட்டு மங்கலாகிவிடும். பிறகு புது இறகு முளைத்து, குளிர்மாதங்களில் முழு ஒளியோடு நிற்கும். ஆகவே இறகு வேட்டைக்கு ஏற்ற காலமும் நம் மார்கழி, தையே. அங்கே பனியில் கடைக்காரர் விளக்கேற்றி ஈ கட்டும் அதே மாதங்களில், இங்கே காட்டில் கண்ணி விரித்திருக்கிறது. ஒரே தொழிலின் இரு நுனிகள். ஒரு நுனிக்குப் புகழ். மறு நுனியில் பறவைக்கு உயிர் போயிற்று.

1879-இல் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதே காட்டுக்கோழியின் பெயர் அதில் இடம்பெற்றது. 1902-இல் காட்டுப் பறவை இறகுகளை ஏற்றுமதி செய்ய ஆங்கிலேய அரசு தடை போட்டது. அப்படியும் காட்டுக்கோழி இறகு கடல் தாண்டுவது நிற்கவில்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். இன்று அந்த இறகு வேண்டுகிறவர்களுக்காக இங்கிலாந்தில் இந்தப் பறவையைப் பண்ணையில் வளர்க்கிறார்கள். நம் காட்டுப் பறவை அங்கே பண்ணைக் கோழியாகிவிட்டது.

பனிக்கட்டியில் வந்த மீன்

நாம் இறகு கொடுத்தோம், பதிலுக்கு மீன் வந்தது என்று சொல்லலாம். நீலகிரியின் மேட்டு ஓடைகளில் தூண்டிலுக்குத் தகுந்த மீன் இல்லை என்பது வெள்ளைக்காரர்களுக்கு நீண்டகாலக் குறை. சென்னைப் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1863-இல் டிரவுட் கொண்டுவர முயன்று தோற்றார். பின்னாளில் ‘இந்திய மீன்கள்’ என்ற பெருநூலை எழுதியவர் இவர்தான். அடுத்த ஆண்டே, 1864 ஜனவரியில் லண்டனிலிருந்து ‘நார்ஃபோக்’ கப்பலில் ஈரப்பாசிக்குள் பொதிந்து பனிக்கட்டியின் நடுவே வைத்த முட்டைகள் ஏறத்தாழ 3 மாதப் பயணம் தாண்டி டாஸ்மேனியாவில் உயிரோடு பொரித்தன. சூடு ஏறினால் கரு சீக்கிரம் வளர்ந்து வழியிலேயே பொரித்துச் செத்துவிடும். குளிர் இருந்தால் வளர்ச்சி நிதானப்படும். மீன் கதை என்றாலும் உள்ளே இருப்பது வெப்பவியல்!

நீலகிரியில் வெற்றி கண்டவர் எச்.சி.வில்சன். சென்னை அரசின் மீன்வளர்ப்பு நிபுணராக 1906-இல் வந்தார். 1907-இல் ஊட்டிக்குத் தென்மேற்கே அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. நியூசிலாந்து முதலிய இடங்களிலிருந்து முட்டைகள் வந்தன. வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது.

பொரிப்பகத்தின் முக்கிய வேலையும் குளிர்காலத்தில்தான். சினைமீனைப் பிடித்து வயிற்றை மெல்ல நீவி முட்டையை ஒரு பாத்திரத்தில் வடிக்க வேண்டும். ஆண்மீனின் விந்தை அதில் கலந்து, பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்புறம் தட்டுகளில் பரப்பி ஓடும் நீரில் வைக்க வேண்டும். 10 டிகிரி குளிரில் பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம். அதுவரை தினமும் குனிந்து, வெளுத்துச் செத்த முட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஒன்றை விட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைகளையும் கெடுத்துவிடும். நீலகிரியின் மார்கழிக் குளிரில், உறைபனி விழும் விடியலில், தண்ணீருக்குள் கைவிட்டு இதைச் செய்து பாரும் வே! ஊட்டிக்குப் போய் டிரவுட் பிடித்ததாகப் பெருமை பேசிய துரைமார்களின் கோடை, இந்தக் கைகளின் குளிர்காலத்தில் விளைந்தது.

யார் பெயர் நிற்கிறது?

டே, வில்சன், கார்டன், ஹால்ஃபோர்டு, டார்பி என்று இவ்வளவு பெயர் சொன்னேன். அவலாஞ்சியில் செத்த முட்டை பொறுக்கியவர் பெயர் ஒன்றாவது சொன்னேனா? கண்ணி வைத்தவர், இறகை வாங்கியவர், துறைமுகத்துக்குச் சுமந்தவர் பெயர்? நமக்குப் பக்கத்திலேயே பார்ப்போம். பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது. மிஞ்சின் துரை பெயரைச் சின்னப் பிள்ளைகளும் சொல்லும். அவர் அந்த மரியாதைக்கு உரியவர், மறுக்கவில்லை. ஆனால் கல் சுமந்தவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்!

வரலாறு பெரும்பாலும் சீசனில் எழுதப்படுகிறது. மீன் சிக்கிய நாள், அணை திறந்த நாள், கோட்டை விழுந்த நாள். ஆயத்த மாதங்களுக்கு ஏடு இல்லை. ஒரு தொழிலின் உண்மையான செலவை யார் கொடுத்தார்கள் என்பது அந்த மாதங்களில்தான் தெரியும். காட்டுக்கோழி கொடுத்த விலை அங்கே மேசையில் ஈ கட்டியவருக்குத் தெரிந்திருக்காது. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் வந்தது ஒரு இறகு மட்டுமே. இன்றைக்கு நாம் வாங்குகிற எத்தனையோ பொருளும் இப்படித்தான் நம் கைக்கு வருகிறது.

ஆகவே இப்போது நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர்ச் செங்கல் சூளையில் மழை மாதங்களில் என்ன நடக்கிறது, அந்த வருமானமில்லாத நாட்களை அந்தக் குடும்பங்கள் எப்படிக் கடத்துகின்றன என்று கேட்டு எழுதுங்கள். நம் மலைகளில் வாழும் காணி இனப் பெரியவர்களிடம் மரியாதையோடு உட்கார்ந்து, காட்டுக்கோழியைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். நம் குளங்களில் ஆரல் எங்கே இன்னும் கிடைக்கிறது, எங்கே இல்லாமல் போயிற்று என்று வலை போடுகிற அண்ணாச்சிமாரிடம் விசாரித்துக் குறித்து வையுங்கள். சொல்கிறவர்களின் பெயரையும் அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். வெளியூரில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் இதை அச்சிட உதவலாம். அடுத்த சங்கமத்துக்கு ஒரு சிறு நூலாக வந்தால் அதைவிட நல்ல நினைவுமலர் உண்டா?

கோட்டை மதிலை எழுதியாயிற்று. மீனையும் இறகையும், அவற்றைத் தொட்ட கைகளையும் எழுதும் வேலை மிச்சமிருக்கிறது. அதற்குக் காற்றோய்ந்த மாதங்களே வசதி. வாழ்க நம் கல்லூரி!