நெய்க்குறியிலிருந்து நீலக் கரைசல் வரை: வட சிலாங்கூர்த் தோட்டங்களில் 'இனிப்பு நீர்'

நீரிழிவு என்னும் பழஞ்சொல் நீர் மிகுதியாக இழிதலைக் குறிக்கிறது. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களின் தோட்டத் தமிழர்க்கோ அந்நோய் 'இனிப்பு நீர்' ஆகும். நோய்க்கு அதனைக் கண்டறியும் சோதனையே பெயராக நிலைத்துவிட்டது எனலாம். இப்பெயர் ஒரு மருத்துவப் பிழைக்கும் இடந்தந்தது என்பதே நம் கருத்து.

சிறுநீரைக் 'படித்தல்' தமிழர்க்குப் புதிதன்று. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூல்கள் நிறம், மணம், நுரை ஆகியவற்றை ஆராய்வதுடன், வைகறை நீரில் ஒரு துளி நல்லெண்ணெய் இட்டுப் பார்க்கவும் கூறுகின்றன. அது பாம்பென நீண்டால் வாதம். மோதிரமென வளைந்தால் பித்தம். முத்தென நின்றால் கபம். எறும்பு மொய்க்கும் நீர் பற்றிச் சரக சம்ஹிதையும் பேசுகிறது. மேலைநாட்டில் அவ்வினிப்பு சர்க்கரையே என 1776இல் மெய்ப்பித்தவர் மேத்யூ டாப்சன்.

தோட்ட ஆஸ்பத்திரிகளின் காலத்தில், டிரசர் போன்ற பணியாளரும் செய்யத்தக்க எளிய முறையாக விளங்கியது பெனடிக்ட் சோதனை. ஐந்து மில்லிலிட்டர் நீலக் கரைசலில் எட்டுத் துளி சிறுநீர் விட்டுக் கொதிக்கவைப்பர். நீலம் மாறாவிடில் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் எனச் சர்க்கரையின் அளவுக்கேற்ப நிறம் ஏறும். எளிமையே இதன் சிறப்பும் குறையும் ஆகும். பாலூட்டும் தாயின் நீரில் கலக்கும் பால்சர்க்கரையும் நிறத்தை மாற்றும்; நோயற்றவளும் நோயாளியெனக் கருதப்பட வாய்ப்புண்டு. 1956இல் வந்த குளுக்கோஸ் பட்டை இக்குழப்பத்தை நீக்கிற்று.

அதனினும் பெரிய குறை வேறொன்று. குருதிச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்த பின்னரே சிறுநீரகம் அதனை வெளிவிடும். உண்ணாநிலையில் 126 இருப்பினே அது நீரிழிவு என்பது இன்றைய வரையறை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டோர் நோயாளிகளே. எனினும் அவர்களது கரைசல் நீலமாகவே இருந்திருக்கும். 'நீரில் இனிப்பு இல்லை' என்பது 'இனிப்பு நீர் இல்லை' எனப் பொருள்படும் மொழியில் இதன் விளைவை எளிதில் உணரலாம்.

நோய்த்தொற்றின் நிலையும் இத்தகையதே. நீர்க்கடுப்பைச் 'சூடு' எனக் கொண்டு இளநீரால் தணிப்பது நம் மக்கள் வழக்கு. பட்டையில் நைட்ரைட்டு தோன்றினால் கிருமி உண்டு எனப் பெரும்பாலும் கொள்ளலாம். தோன்றாமையால் இல்லை எனத் துணிதல் கூடாது. சிறுநீர் நான்கு மணி நேரமேனும் பையில் தங்கினாலன்றிக் கிருமி நைட்ரேட்டை மாற்றி முடிக்காது. ஆகவே ஏற்றது விடியற்கால நீர். விடியுமுன் பெரட்டுக்கு நின்ற பால்மரத் தொழிலாளிக்கு மருந்தகம் திறக்கும் நேரத்தில் அது எங்ஙனம் கிட்டும்?

2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. அங்கு அளக்கப்பட்டது விரல்நுனிக் குருதி, சிறுநீர் அன்று.