காசுகளில் விடையுருவம்

பழங்காசு தொகுப்போர் தம் பட்டிகளிற் காசுகளை அரசர் பெயரானும் உலோகத்தானும் எடையானும் வகுப்பதோடமையாது, அவற்றிற் பொறித்த விலங்குகளைக்கொண்டும் வகுப்பர். யானை, அரிமா, குதிரை, புலி, மீன் என நிரல்பட நிறுத்தி, ஒவ்வொன்றன்கீழும் உரிய காசுகளை எண்ணிட்டுக் காட்டுதல் அவர் வழக்கு. எழுத்துத் தேய்ந்து அரசன் பெயர் புலனாகாத காசினை அடையாளங் காண்டற்கு இம்முறை பெரிதும் உதவும். ஆயின், 'எருது' என்னும் ஒரு தலைப்பின்கீழ் வருவனவற்றை நோக்கின் வியப்பே மிகும். உரோமச் சக்கரவர்த்தி அகஸ்டசின் காசில் முட்டப் பாயும் எருதும், குஷாணர் காசிற் சிவபெருமானுக்குப் பின்னே நிற்கும் ஏறும், யாழ்ப்பாணத்தரசர் காசிற் படுத்திருக்கும் நந்தியும் ஆண்டு ஒரே தொழுவத்திற் கட்டப்பட்டுக் கிடக்கும். பட்டி வகுத்தார்க்கு இவையெல்லாம் விலங்கு, அவ்வளவே. இதற்கு மறுதலையாகச் சைவ நன்மக்களிற் சிலர், விடையுருவம் எக்காசிற் காணினும் அதனை வெளியிட்ட மன்னன் சைவனே எனத் துணிந்துவிடுகின்றனர். அத்துணிவு ஆராய்ச்சிக்கு ஏலாது. விடை சான்றாவது எப்பொழுது, ஆகாதது எப்பொழுது என்பதனைக் காசுகளே நன்கு காட்டும்.

முதற்கண் நோக்கற்பாலது திமில். மேனாட்டுக் காசுகளில் வரும் எருது பெரும்பாலும் திமிலற்றது. அலெக்சாந்தரின் படைத்தலைவருள் ஒருவனாயிருந்து பின் அரசனான செலூக்கசின் செப்புக்காசுகளிற் கொம்பு தாழ்த்திப் பாயும் எருது காணப்படும். வேள்விக்கெனக் கொணர்ந்த எருதொன்று கட்டறுத்து ஓட, அதனை அவன் கையாற் பற்றி நிறுத்தினான் என அப்பியன் என்னும் வரலாற்றாசிரியர் கூறுவர். ஆண்டு எருது வலிமைக்கு அறிகுறி; வழிபாட்டுக்கு அன்று. கி. மு. 2 ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்கிலாண்ட யவன மன்னன் அப்பொல்லொதோதசு வெளியிட்ட சதுர வெள்ளிக்காசில் நிற்பதோ திமிலுடைய நம் நாட்டு ஏறு. அதன் மறுபுறம் யானை. யானையைப் புத்தரோடும் ஏற்றினைச் சிவபெருமானோடும் இயைத்துக் கூறுவாருளர். இரண்டும் நகரங்களின் அடையாளமே என்பாரும் உளர். காசின் எழுத்து அரசன் பெயரன்றிப் பிறிதொன்றுங் கூறாமையின், அதனை வைத்து இவ்வழக்கினைத் தீர்த்தல் இயலாது. புஷ்கலாவதி நகரத்துப் பொற்காசொன்று இதற்குச் சிறிது துணையாம். இலண்டன் மாநகரத்துப் பிரித்தானிய அரும்பொருட் காட்சிசாலையில் உள்ள அக்காசில் ஒருபுறம் அந்நகரின் காவற்றெய்வமாகிய பெண்ணுருவும், மறுபுறம் திமிலேறும் உள. ஏற்றின் மருங்கே கிரேக்க எழுத்திலும் கரோட்டி எழுத்திலும் 'இடபம்' என்னும் பொருட்டாய சொல்லே பொறிக்கப்பெற்றுள்ளது. விலங்கொன்றன் பெயரை இருமொழியில் எழுதிவைத்தல் காசுகளிற் காண்டற்கரிது. தெய்வத்திற்கு எதிர்ப்புறத்தே, தெய்வம்போலவே பெயர் கூறி நிறுத்தப்பட்டதனால், அவ்வேறு வெறும் விலங்கெனத் தள்ளற்பாலதன்று.

ஐயத்திற்கு இடமின்றி விடை சிவபெருமானோடு தோன்றுவது குஷாண அரசன் வீமகட்பீசன் காசுகளிலேயாம். சூலமேந்திய பெருமான் நிற்க, பின்னே ஏறு நிற்கும். கரோட்டி எழுத்தில் அவன் தன்னை 'மஹீஸ்வரன்' என வழங்குகின்றான். அச்சொல் மகேசுவரனுக்கு அடியவன் என்று பொருள்படுமோ, மண்ணுலகுக்கு இறைவன் என்று பொருள்படுமோ என அறிஞர் பலபடக் கூறுவர். சொல்லில் ஐயமிருப்பினும் வடிவத்தில் ஐயமில்லை. சிவபெருமானையும் அவர் அடையாளத்தையுமன்றி வேறு தெய்வத்தை அவன் தன் காசுகளின் பின்புறத்தே ஏற்றிற்றிலன். அவனுக்குப் பின்வந்த கனிட்கன், கவிட்கன் இருவரும் கிரேக்கம், பாரசீகம், இந்தியம் ஆகிய தெய்வங்களைக் கலந்து பொறித்தனர். அவற்றிடையே 'ஓஏஷோ' என்னும் பெயரோடு சூலமேந்திய வடிவமும் வரும். இப்பெயர் ஈசன் என்பதன் திரிபென்பாரும், பாரசீகர் வழிபட்ட வாயுவின் பெயரென்பாரும் இன்றும் வாதிடுகின்றனர். வாசுதேவன் என்னும் குஷாணன் காலத்தே அப்பெயரோடு சூலமும் ஏறும் ஒருங்கே நிலைபெற்றுவிட்டன. அரசன் பெயரோ திருமாலின் பெயர்! பெயரை மட்டும் நோக்கினார் அவனை வைணவனென்பர்; காசினை மட்டும் நோக்கினார் சைவனென்பர். பின்னர் அந்நாட்டைக் கைக்கொண்ட சசானிய வழியினர், அதே வடிவத்தை அதே விடையோடு பொறித்து, 'உயர்ந்த தெய்வம்' என்று தம் மொழியிற் பெயரிட்டனர். உருவம் ஒன்றே, வழிபட்டார் அதனை யாரெனக் கருதினர் என்பது பெயராற்றான் தெரியவேண்டும்.

விடை கண்டவிடமெல்லாம் சைவம் என்பார்க்குப் பெருந்தடையாவது குப்த மன்னன் ஸ்கந்தகுப்தனின் (கி. பி. 455–467) வெள்ளிக்காசு. அதிற் படுத்திருக்கும் விடை தெளிவாக உண்டு. சுற்றிலும் உள்ள எழுத்தோ அவனைப் 'பரமபாகவதன்' எனக் கூறும். திருமாலுக்கு மிக்க அடியான் எனத் தன்னைக் கூறிக்கொண்டானொருவன் நந்தியைத் தன் காசிற் கிடத்தினானென்றால், அவ்விடை அவன் சமயத்தைக் காட்டவில்லை என்பது வெளிப்படை. காசு வழங்கும் நாட்டு மக்கள் எதனை மதித்தனரோ அதனைப் பொறித்தான் என்று கொள்ளலாம். காசு மக்கள் கைக்குச் செல்வதன்றோ?

ஹூணர் தலைவன் மிகிரகுலன் காசில் நிலை வேறு. விடையோடு 'இடபம் வெல்க' என்னும் பொருட்டாய வடமொழித் தொடரும் உண்டு. அவன் ஸ்தாணுவாகிய சிவபெருமான் ஒருவர்க்கே தலை வணங்கியவன் என அவனை வென்ற யசோதர்மனின் மந்தசோர்க் கல்வெட்டே கூறுகின்றது. பகைவனும் ஒப்புக்கொண்ட செய்தியாதலின், ஈண்டு எழுத்தும் விடையும் கல்வெட்டும் ஒருமுகமாய் நிற்கின்றன. அவன் செய்த கொடுமைகள் வேறு. அவை ஈண்டைக்கு வேண்டா. கௌட நாட்டுச் சசாங்கனது பொற்காசிற் சிவபெருமான் விடைமேல் அமர்ந்திருப்ப, மேலே மதி விளங்கும். பெருமான் சூடிய மதியும், 'மதி' எனப் பொருள்படும் அரசன் பெயரும் ஒன்றாய் இயைதலின், அதனைக் காசு வேலையிற் சிறந்ததொரு நயமெனல் தகும்.

இனி, காபூலையும் உதபாண்டபுரத்தையும் ஆண்ட சாகி மன்னர் வெள்ளிக்காசில் ஒருபுறம் படுத்த விடையும், மறுபுறம் குதிரைவீரனும் வந்தன. அவ்விடையின் பின்புறத்தே திரிசூலக் குறியும் இட்டிருப்பர். இவ்வமைப்பு வணிகரிடத்து எத்துணை நம்பிக்கை பெற்றதென்றால், பாகுதாதிலிருந்த கலீபா அல்முக்ததிரின் (908–932) பெயரோடும் இவ்வுருவக் காசு உண்டு. சௌகானர் அதனைக் கைக்கொண்டனர். கோரி முகம்மது தில்லியைக் கவர்ந்த பின்னும், விடையும் குதிரைவீரனும் அகலாது, நாகரி எழுத்தில் அவன் பெயரைத் தாங்கி நின்றன. இல்துத்மிசு காலத்தும் அவ்வழக்கு நீடித்தது. உருவ வழிபாட்டை மறுக்கும் சமயத்தினர் நந்தியுருவைத் தாமே வெளியிட்டமைக்குக் காரணம் பக்தியன்று, சந்தை. மாற்று மாறாத காசெனக் குடிகள் நம்பியதனைக் கெடுக்க எவ்வரசனும் துணியான். பட்டியில் இக்காசுகளை 'நந்தி' என்னும் தலைப்பின்கீழ் வைத்தலும் பிழை. 'எருது' என்று மட்டும் எழுதித் தொடக்கத்தை மறைத்தலும் பிழையே.

தமிழ்நாட்டிற் பல்லவர்க்கு விடை குலக்கொடி. அது மரபின் அடையாளமாதலின், அதனால் மட்டும் ஒரு பல்லவனது சமயத்தைத் துணிதல் கூடாது. ஆயின் விடையோடு 'ஸ்ரீபரன்', 'ஸ்ரீநிதி' எனும் பெயர்கள் காணப்படும் காசுகள் சில உள. அவை இராசசிம்மனின் சிறப்புப் பெயர்கள். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிற் சுற்றாலைகள்தோறும் அவன் வெட்டுவித்த பெயர் வரிசையிலும் அவை உண்டு. கோயிற் கல்லும் காசும் ஒருவனையே சுட்டுதலின், அங்குள்ள விடை குலக்கொடியும் வழிபடு பொருளும் ஆயிற்று.

வகுப்பு முறையாற் பெரிதும் இடருற்றது ஈழத்து விடைக்காசே. முகப்பில் நிற்கும் அரசனுருவும், பின்புறத்திற் படுத்த விடையும், மேலே பிறையும், கீழே தமிழெழுத்திற் 'சேது' என்னும் சொல்லும் உடைய செப்புக்காசுகள் அவை. சேது என்றதனால் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையன என நெடுங்காலம் கருதப்பட்டன. ஆயின் சேதுபதிகள் தலையெடுத்தது 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். காசின் எழுத்தோ அதற்கு முந்தியது. அன்றியும் நிற்கும் அரசனுருவம் முதலாம் இராசராசன் காசினைப் பின்பற்றிச் சிங்கள மன்னர் வெளியிட்ட காசுகளின் வழியில் வந்தது. அவற்றிற் பின்புறத்தே அமர்ந்த உருவம் இருக்க, இவற்றில் அவ்விடத்தை விடை கொண்டது. காசுகள் மிகுதியாகக் கிடைப்பதும் யாழ்ப்பாணத்தே. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளைச் 'சேதுகாவலர்' எனச் செகராசசேகரமாலை கூறும். கேகாலைப் பகுதியிற் கொட்டகமையிலுள்ள அவர் தமிழ்க் கல்வெட்டும் சேது என்னும் மொழியோடு தொடங்கும். சுவாமி ஞானப்பிரகாசர், முதலியார் இராசநாயகம் முதலியோர் இவற்றை எடுத்துக்காட்டினர். காட்ரிங்டன் துரை 1924 இல் வெளியிட்ட இலங்கைக் காசு நூலில் அவை யாழ்ப்பாணத்தரசர்க்கே உரியனவாக வைக்கப்பட்டன. 1619 இல் போர்த்துக்கீசர் கையில் அரசு அழிந்து, கோயில்களும் இடிபட்ட அந்நாட்டில், அவ்வரசரின் நந்தி இன்றும் உழுசாலிற் செப்புக் களிம்பேறி வெளிப்படுகின்றது.