ஏழைக்குத் தரும் பணம் ஏன் வரிப் படிவம் வழியாக வர வேண்டும்?

ஒரு வருமானச் சான்றிதழுக்காகக் கூலித் தொழிலாளி எத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டியிருக்கிறது என்பது களத்தில் இருக்கும் நமக்குத் தெரியும். அதனால் அமெரிக்காவில் குறைந்த கூலிக்காரர்களுக்கு அரசு பணம் தரும் முறையைப் பற்றி முதலில் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எந்த அலுவலர் முன்னும் நிற்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை வரிப் படிவம் கொடுத்தால் போதும். வரியே கட்ட வேண்டியிராதவருக்கும் பணம் வரும். அதன் வரலாற்றைப் படித்த பிறகு பொறாமை பாதியாகக் குறைந்தது.

1935இல் ரூஸ்வெல்ட் ஆட்சி கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம், முதியோர் ஓய்வூதியத்திலிருந்து விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் விலக்கி வைத்தது. தென் மாநில வெள்ளை அரசியல்வாதிகளின் அழுத்தமா, நிர்வாகச் சிக்கலா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். விளைவில் வாதத்துக்கு இடமில்லை: கறுப்பின உழைப்பாளிகளில் பெரும்பான்மையோர் வெளியே நின்றார்கள். சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. தொழிலைச் சொன்னாலே ஆளைச் சொன்னதாகிவிடும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏழைத் தாய்மார்களுக்கான உதவித்தொகை மாநிலங்களின் கையில் இருந்தது. 'தகுதியான வீடு' இல்லை என்று சொல்லி 1960இல் லூசியானா மாநிலம் சுமார் 23,000 குழந்தைகளின் உதவியை நிறுத்தியது. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள். அலபாமாவில், தாய்க்கு ஓர் ஆணோடு உறவு இருந்தால் குழந்தைகளின் உதவி நின்றுவிடும். அந்த விதியை உச்ச நீதிமன்றம் 1968இல்தான் நீக்கியது. உதவி அலுவலகம் என்றால் வீட்டுக்குள் நுழைந்து ஒழுக்கத்தைச் சோதிக்கும் இடம் என்றே அந்தப் பெண்கள் அறிந்திருந்தார்கள்.

1969இல் அதிபர் நிக்சன் எல்லா ஏழைக் குடும்பங்களுக்கும் ஒரு குறைந்தபட்ச வருமானத்தை உறுதிசெய்யும் திட்டத்தை முன்வைத்தார். செனட்டில் அது செத்தது. செனட் நிதிக்குழுவின் தலைவர் லூசியானாவின் ரஸ்ஸல் லாங். பிரிவினைவாதத்தை ஆதரித்த இவர்தான், வேலை செய்பவருக்கு மட்டும் ஊக்கத்தொகை என்ற மாற்றை முன்வைத்தார். 1975இல் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட அது சட்டமானது. குழந்தை உள்ள தொழிலாளிக்குச் சம்பாத்தியத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 400 டாலர். சம்பாத்தியம் இல்லை என்றால் ஒன்றும் இல்லை. அலுவலர் வீட்டுக்கு வர மாட்டார் என்பது உண்மையான ஆறுதல். ஆனால் வேலை கிடைக்காதவர்களை விலக்கித்தான் அந்த ஆறுதல் வாங்கப்பட்டது.

வரிப் படிவம் வழியாகத் தருவதால் இன்னொரு சிக்கலும் வந்தது. வாடகை மாதாமாதம் கேட்கிறது. பணமோ ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. இதைச் சரிசெய்ய, 1978இல் சம்பளத்தோடு முன்பணமாகப் பெறும் வழி திறக்கப்பட்டது. தகுதியானவர்களில் மிகச் சிலரே அதை எடுத்தார்கள். முதலாளியிடம் தன் நிலையைச் சொல்லிக் கேட்க வேண்டும். கணக்கு மாறினால் ஆண்டு முடிவில் திருப்பிக் கட்ட வேண்டும். 2010இல் அந்த வழியையே மூடிவிட்டார்கள். இன்றும் தகுதியுள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் இந்தச் சலுகையைக் கேட்பதே இல்லை. கேட்பவர்களில் பலர் படிவத்தை நிரப்பித் தருபவருக்குக் காசு கொடுக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த சோதனையும் ஒழியவில்லை, தபாலில் வருகிறது. கறுப்பின வரிதாரர்கள் மற்றவர்களைவிட 2.9 முதல் 4.7 மடங்கு வரை அதிகமாகத் தணிக்கைக்கு உள்ளாகிறார்கள் என்று 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இந்தச் சலுகையைக் கேட்டவர்களைத் தேர்ந்தெடுத்த விதமே அதற்கு முக்கியக் காரணம். படிவத்தில் இனத்தைக் கேட்பதே இல்லை. 1935இலும் கேட்கவில்லை.

வேறு வழி உண்டா? 2021இல் ஆறு மாதம் இருந்தது. குழந்தை வரிச்சலுகையின் ஒரு பகுதி ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் வங்கிக் கணக்குக்கு வந்தது: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 300 டாலர் வரை, மற்றவர்களுக்கு 250 வரை. சம்பாத்தியம் இல்லாத தாயும் பெற்றார். அனுப்பியது அதே வரித்துறைதான். பெரும்பாலான குடும்பங்கள் விண்ணப்பிக்கவே வேண்டியிருக்கவில்லை. மற்ற உதவிகளும் சேர்ந்து, அந்த ஆண்டு குழந்தை வறுமை 5.2 சதவீதமாக இறங்கியது. அவை நின்ற அடுத்த ஆண்டு 12.4 ஆனது.

ஆகவே, பணத்தை எந்தத் துறை தருகிறது என்பது இரண்டாவது கேள்வி. கூலி விவரம் முதலாளி வழியாக அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை ஏழையே வந்து தன் ஏழ்மையை நிரூபிக்கட்டும் என்று காத்திருப்பது நிர்வாக வசதி அல்ல, பழைய சந்தேகம். மாதாமாதம் அனுப்பட்டும், தவறு என்றால் அதை நிரூபிக்கும் சுமை அரசின் தோளில் இருக்கட்டும். எந்த நாட்டில் உரிமைத்தொகை பற்றிப் பேசினாலும் நாம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: நிரூபிக்க வேண்டியது யார்?