சித்திர அறையும் எமது சிந்தனையும்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், பரீட்சைப் பெறுபேறுகளையும் விளையாட்டுக் கேடயங்களையும் பற்றி இம்மலரில் பலர் எழுதுவர். நாம் எழுத விரும்புவது, தேர்ச்சி அறிக்கையின் கடைசி வரிகளில் இடம்பெற்ற சித்திர பாடத்தைப் பற்றி. வாரத்தில் இரண்டே பாடவேளைகள். ஆயினும், ஒரு கேள்விக்குச் சரியான விடைகள் பல இருக்கலாம் என்று நாம் முதன்முதலில் அறிந்தது அவ்வகுப்பில்தான். அந்தச் சுதந்திரம் எமக்குக் கிடைத்ததற்கு ஒரு வரலாறு உண்டு.

பிரித்தானியர் ஆட்சியில் சித்திரம் 'பார்த்து வரைதல்' ஆகவே பாடசாலைகளுக்கு வந்தது. லண்டன் சவுத் கென்சிங்டனில் வகுக்கப்பட்ட முறை அது. நேர்கோடு, வளைகோடு, அலங்கார உருக்கள் என மாதிரிகளைப் பிசகாமல் பிரதி செய்வதே பயிற்சி. கைத்தொழிலுக்கு வேண்டிய கையையும் கண்ணையும் பழக்குவது நோக்கம். பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறதென்று அங்கு கேட்கப்படவில்லை.

அதைக் கேட்டவர்களுள் ஒருவர் வியன்னாவைச் சேர்ந்த பிரான்ஸ் சிசெக். 1897இல் சிறுவர்க்கென ஓவிய வகுப்பைத் தொடங்கியவர். இங்கிலாந்தில் அதே கேள்வி ஒரு பெண்கள் பாடசாலையில் எழுந்தது என்பது எமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. டட்லி பெண்கள் உயர்தரப் பாடசாலையில் 1912 முதல் படிப்பித்த மரியன் றிச்சாட்சன், மாணவியரைக் கண்களை மூடச் சொல்லிவிட்டு ஒரு காட்சியைச் சொற்களால் விவரிப்பார். ஒவ்வொருத்தியும் தன் மனக்கண்ணில் தோன்றியதை வரைவாள். அச்சித்திரங்களை 1917இல் கலை விமர்சகர் றோஜர் பிறை லண்டனில் காட்சிக்கு வைத்தார்.

இக்காலத்தை ஒட்டியே இலங்கையிலும் மாற்றம் தொடங்கியது. 1920இல் கல்வித் திணைக்களத்தின் சித்திர வித்தியாதரிசியாக வந்த சீ. எப். வின்சர், நவீன ஓவியத்தை இங்கு ஊக்குவித்தார். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற டபிள்யூ. ஜே. ஜி. பீலிங், பின்னர் 1943இல் கொழும்பில் உருவான '43 குழு'வின் ஓவியர்களுள் ஒருவரானார். யாழ்ப்பாணத்தில் சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் சித்திரக் கழகத்தை நிறுவினார். கழகத்தின் பெயரே அதன் வழியைச் சொல்லும். சித்திரம் படிப்பித்த ஆசிரியர்கள் அங்கே தாமும் தூரிகை பிடித்தனர். பின்னாளில் குருநகரில் பிறந்த ஓவியர் மாற்கு (1933–2000), பெண்பிள்ளைகள் உட்பட இளையோர் பலரைப் பயிற்றுவித்தார். இந்த வழியில் வந்த காற்றுத்தான் எமது வகுப்பறை யன்னலாலும் வீசியது.

'கோயில் திருவிழா' என்று கரும்பலகையில் தலைப்பு எழுதப்படும். ஒருத்தி தேரை வரைவாள். மற்றொருத்தி வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளை வரைவாள். கூட்டத்தில் தன் உயரத்துக்குத் தெரிந்தது பெரியவர்களின் முதுகுகள் மட்டுமே என்பதால், தாள் முழுவதும் சேலை முந்தானைகளை வரைந்தவளும் உண்டு. ரீச்சர் எல்லாவற்றையும் சுவரில் குத்தி வைப்பார். எது திறம் என்று சொல்லமாட்டார். ஏன் அப்படி வரைந்தாய் என்று ஒவ்வொருத்தியையும் கேட்பார். அந்த 'ஏன்' எம்மைப் பேச வைத்தது. மற்றவள் சொல்வதைக் கேட்கவும் வைத்தது.

வீட்டிலும் எமக்குக் கலை இருந்தது. அம்மம்மா சாயமிட்ட பனையோலையால் பெட்டி இழைக்கும்போது, எந்த ஓலை மேலே, எந்த ஓலை கீழே என்று விரல்களாலேயே கணக்கிடுவார். கணக்குப் பாடத்தில் தடுமாறிய சிலருக்குச் சமச்சீர் விளங்கியது அந்தப் பெட்டியில்தான். சொல்லால் யோசிப்பவர்கள், உருவால் யோசிப்பவர்கள், கையால் யோசிப்பவர்கள் என்று பலவிதமாய் இருந்தோம். ஏனைய பாடங்கள் முதலாம் வகையினரையே 'கெட்டிக்காரி' என்றன. சித்திர அறை மூவருக்கும் இடம் தந்தது.

எம்முள் இளையவர்கள் அவ்வறையை வேறொரு காலத்தில் அறிந்தவர்கள். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் வர்ணப்பெட்டி கிடைப்பது அரிதாயிற்று. அடுப்புக்கரி, செங்கல் துண்டு, மஞ்சள், இலைச்சாறு என்பவை வர்ணங்களாயின. எழுதி முடித்த தாள்களின் பின்பக்கம் சித்திரக் கொப்பியாயிற்று. ஜாம் போத்தல் விளக்கொளியில் அவற்றை முடித்தோம். பலர் பதுங்குகுழியையும் விமானத்தையும் வரைந்தனர். ஒருத்தி வானத்தை அண்ணாந்து பார்க்கும் முகங்களை மட்டும் வரைந்தாள். பயத்தை விமானமில்லாமலும் காட்டலாம் என்று நாம் அன்று கண்டோம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இடம்பெயர்ந்தபோது அச்சித்திரங்கள் சுவரிலேயே இருந்தன. திரும்பி வந்தபோது சுவர் வெறுமையாய் இருந்தது. அதனால் இந்நூற்றாண்டு மலருக்குப் பெறுபேறுகளின் பட்டியல் கிடைத்தது. மாணவியர் வரைந்த பழைய சித்திரம் ஒன்றேனும் கிடைக்கவில்லை.

இதனால் உலகெங்கும் வாழும் சகோதரிகளிடம் இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் பெட்டகத்திலோ தாயாரின் அலுமாரியிலோ ஒரு பழைய சித்திரக் கொப்பி இருந்தால், படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். மற்றையது, பரீட்சை ஆண்டு வந்ததும் சித்திர வேளையைக் கணித மீட்டலுக்குக் கொடுத்துவிடும் வழக்கம் இன்று எங்கும் பரவியிருக்கிறது. எமது பாடசாலையில் அந்த இரண்டு பாடவேளைகளும் சித்திரத்துக்கே நிலைக்கச் சங்கம் துணைநிற்க வேண்டும். 'ஏன் அப்படி வரைந்தாய்?' என்ற கேள்வி எமது பேத்திமாரின் காதிலும் விழட்டும்.