மணிக்குள் மறைந்த மன்றாட்டு

செபமாலை என்று நாம் சொல்லும்போது செபம் அச்சொல்லிலேயே வெளிப்படையாக நிற்கிறது. ஆங்கிலத்திலோ அது மறைந்து கிடக்கிறது. மாலையில் கோக்கும் சிறு மணியை ஆங்கிலேயர் 'பீட்' என்பர். இச்சொல்லின் மூதாதை பழைய ஆங்கிலத்து 'யெபெட்'. அதன் பொருள் மணியன்று, செபம். உடன்பிறந்த மொழியான செர்மனில் இன்றும் 'கெபேட்' என்றால் செபமே.

செபம் மணியானது எவ்வாறு? எழுத்தறியா எளியோர் 150 திருப்பாடல்களுக்கு ஈடாகக் கர்த்தர் கற்பித்த செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தனர். எண்ணிக்கை தவறாதிருக்க மணிகளை உருட்டினர். எளியோர் மட்டுமல்லர்; 11ஆம் நூற்றாண்டில் கொவென்ட்ரி நகரத்துக் கொடைவு சீமாட்டி, தாம் செபம் எண்ணிய இரத்தின மாலையை அன்னை மரியாளின் சுரூபத்திற்கு அணிவிக்குமாறு விட்டுச் சென்றார் என்று மாம்சுபரி வில்லியம் எழுதியுள்ளார். ஒருவர் 'தம் செபங்களை எண்ணுகிறார்' என்றபோது காண்போர் கண்ணுக்குத் தெரிந்தது விரலிடையே நகரும் மணிதானே! 14ஆம் நூற்றாண்டிற்குள் பெயர் மணிக்குத் தாவிவிட்டது. சாசர் படைத்த கன்னியர் மடத் தலைவியின் கையில் தொங்கும் பவளமாலைக்கும் இப்பெயரே. எண்ணுதலுக்கு அவர்கள் வழங்கிய சொல் 'டெல்'. வங்கியில் பணம் எண்ணுபவர் 'டெல்லர்' ஆனது இதனாலேயே. (தமிழில் எண்ணுதல் நினைத்தலுமாகும். நம் சொல் இன்னும் ஆழமானது என்றே நமக்குப் படுகிறது.)

அக்காலத்தில் 'பீட்ஸ்மன்' என்றும் ஒருவர் இருந்தார். அறச்சாலையில் உண்டு, உறைவிடம் தந்தவரின் ஆன்மாவுக்காக மன்றாடும் ஏழை அவர். 1547இல், இறந்தோருக்காகத் திருப்பலி நிறைவேற்ற ஏற்படுத்திய அறக்கட்டளைகளை அரசு கைப்பற்றியது. 1571இல் முதலாம் எலிசபெத்து அரசியின் சட்டம், உரோமையில் மந்திரிக்கப்பட்ட சிலுவைகளையும் படங்களையும் மணிகளையும் நாட்டிற்குள் கொணர்ந்து வழங்குவதைத் தடுத்தது. மீறினால் சொத்துப் பறிமுதலும் சிறையும். நம்பிக்கையுள்ள குடும்பங்கள் செபமாலையை ஒளித்து வைத்தன. பொதுவழக்கிலோ 'பீட்' என்பதன் செபப்பொருள் மெல்ல மங்கி மறைந்தது. வெறும் மணி எஞ்சியது.

பனித்துளிக்கும் வியர்வைத்துளிக்கும் அப்பெயர் பரவியது அழகுதான். ஆனால் துப்பாக்கிக் குழலின் நுனியில் குறிபார்க்க வைத்த குமிழும் 'பீட்' ஆயிற்று. ஆங்கிலேய அடிமை வணிகர் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு ஏற்றிச் சென்ற சரக்குகளில் கண்ணாடி மணிகளும் இருந்தன. மனிதரை விலைக்கு வாங்கக் கொடுத்த அந்த மணிகளையும் அவர்கள் அதே சொல்லால்தான் அழைத்தனர்.