ஃப்ளூக்ஸெடினுடன் டெசிப்ரமின்: ஒரு கூட்டு மருந்தின் வரலாறு

மனச்சோர்வுக்கு முதலில் வந்த டிரைசைக்ளிக் மாத்திரை இமிப்ரமின். சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் ரோலண்ட் கூன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1957-இல் முடிவுகளை வெளியிட்டார். பலன் தெரிந்தது. கூடவே வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் சரியாகப் பிரியாமை, எழுந்து நின்றால் தலைசுற்றல் என்று தொல்லைகளும் வந்தன. அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். 1987 டிசம்பரில் அமெரிக்காவில் ஃப்ளூக்ஸெடின் என்ற புதிய மனச்சோர்வு மருந்துக்கு அனுமதி கிடைத்தபின் டிரைசைக்ளிக்குகள் மெல்லப் பின்னுக்குப் போனது வியப்பல்ல.

ஆனால் ஃப்ளூக்ஸெடினில் பாதிதான் தேறியவர்களை என்ன செய்வது? இமிப்ரமினின் வழித்தோன்றலான டெசிப்ரமினைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒன்று செரோடோனினைப் பார்த்துக்கொள்ளும், மற்றது நார்அட்ரீனலினை என்பது கணக்கு. அந்தக் கணக்கில் கல்லீரல் விடுபட்டிருந்தது. ஃப்ளூக்ஸெடின் சேர்ந்தால் ரத்தத்தில் டிரைசைக்ளிக்கின் அளவு ஏறுகிறது என்று 1988-லேயே அமெரிக்க மருத்துவர்கள் எச்சரித்தார்கள்.

அளவு ஏன் ஏறுகிறது என்பதற்கான விடையின் பாதி ஏற்கெனவே கையில் இருந்தது. ஒரே அளவு டிரைசைக்ளிக் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் மருந்தின் அளவு பல மடங்கு வேறுபடுவதை ஸ்வீடனில் ஹேமரும் ஷோக்விஸ்டும் 1967-இல் காட்டினர். 1969-இல் இரட்டையரிடம் நார்ட்ரிப்டிலினைச் சோதித்தபோது, ஒருகரு இரட்டையரின் அளவுகள் பெரிதும் ஒத்திருந்தன. இருகரு இரட்டையரிடம் அந்த ஒற்றுமை இல்லை. ஆக, இது பரம்பரை விவகாரம். லண்டனில் ராபர்ட் ஸ்மித் என்ற ஆய்வாளர் டெப்ரிசோக்வின் என்ற ரத்த அழுத்த மருந்தைத் தானே விழுங்கிப் பார்த்தார். உடன் சாப்பிட்ட சகாக்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அவருக்கோ அழுத்தம் சரிந்து நிற்கவே முடியவில்லை. அவர் குழு 1977-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கிய தேடல், பின்னாளில் சிஒய்பி2டி6 என்ற கல்லீரல் நொதியில் போய் முடிந்தது. டெப்ரிசோக்வினை உடைக்கும் அந்த நொதி ஸ்மித்திடம் சரியாக வேலை செய்யவில்லை. டெசிப்ரமினையும் உடைப்பது அதே நொதிதான். ஃப்ளூக்ஸெடின் அதை முடக்குகிறது. அதாவது பிறவியில் நல்ல நொதி உள்ளவரையும் ஸ்மித்தின் நிலைக்குக் கொண்டுபோய்விடுகிறது. 1994-இல் பிரெஸ்கார்ன் குழுவினர் ஆரோக்கியமான ஆண்களிடம் அளந்தபோது, டெசிப்ரமினின் உச்ச அளவு ஃப்ளூக்ஸெடினுடன் ஏறக்குறைய நான்கு மடங்கானது. ஃப்ளூக்ஸெடின் வகையைச் சேர்ந்த செர்ட்ராலினுடன் ஏறியது மூன்றில் ஒரு பங்கு அளவே.

இதை மனதில் வைத்துத்தான் கூட்டு மருந்து ஆய்வுகளைப் படிக்க வேண்டும். 1991-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நெல்சன் குழு 14 பேருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது. பலன் சீக்கிரம் தெரிந்தது. பாஸ்டனில் ஃபாவா 1994-இல் 41 பேரிடம் செய்த ஆய்வு வேறு கதை சொன்னது: பாதி தேறியவர்களுக்கு டெசிப்ரமின் சேர்ப்பதைவிட ஃப்ளூக்ஸெடினின் அளவைக் கூட்டுவதே மேல். அதில் டெசிப்ரமின் 25 முதல் 50 மி.கி. மட்டுமே. அந்தத் தோல்வியை மருந்துச் சேர்க்கையின் தோல்வியாகக் கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. 2004-இல் நெல்சன், ரத்த அளவைப் பார்த்து டெசிப்ரமினைத் திருத்திக் கொடுத்தபோது, இரண்டும் பெற்ற 13 பேரில் 7 பேருக்கு நோய் முற்றிலும் தணிந்தது. ஃப்ளூக்ஸெடின் மட்டும் பெற்ற 14 பேரில் ஒருவருக்குத்தான். எண்ணிக்கை சிறியது, ஆனால் முறை சரியானது.

இன்னொரு சிக்கல், ஃப்ளூக்ஸெடினை நிறுத்தினாலும் விஷயம் முடிவதில்லை. உடலில் அது நார்ஃப்ளூக்ஸெடினாக மாறி வாரக்கணக்கில் தங்கி நொதியை அடக்கிவைக்கிறது. அதற்குள் டிரைசைக்ளிக்கை வழக்கமான அளவில் தொடங்கினால், மருந்தை மாற்றியதாக நினைப்பவர் உண்மையில் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறார்.